ஏசி ஊரில் பூஜ்யக் கணக்கு

கேள்வி இது: “கோபன்ஹேகன் 2025-க்குள் உலகின் முதல் கார்பன் சமநிலைத் தலைநகரமாகிவிடும் என்று கல்லூரியில் படித்தேன். இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். இங்கே 2050-க்குள் நிகர பூஜ்யம் என்கிறார்கள். ஏசி இல்லாமல் அரை மணி நேரம் உட்கார முடியாத ஊரில் இது எப்படி நடக்கும்? எங்கள் அலுவலகத்துக்குப் புது இடம் பார்க்கும் குழுவில் நானும் இருக்கிறேன். போகும் கட்டடமெல்லாம் பசுமைச் சான்றிதழ் காட்டுகிறது. எதை நம்புவது?”

கட்டடங்களின் மின்கணக்குப் பார்ப்பது பல ஆண்டுகளாக என் பிழைப்பு. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

கார்பன் சமநிலை, நிகர பூஜ்யம் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான்: வெளியே விடும் கரியமில வாயுவும் ஈடுகட்டுவதும் சமமாவது. முதலில் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனை முடித்துவிடுகிறேன். அது இலக்கை எட்டவில்லை. ஐ.நா. பருவநிலை மாநாடு அந்த ஊரில் நடந்த 2009-இல் வைத்த இலக்கு, 2012-இல் முறையான திட்டமானது. 2022 ஆகஸ்டில் நகராட்சியே ‘2025-க்குள் முடியாது’ என்று அறிவித்துவிட்டது. இதைக் கேட்டதும் எல்லாம் வெறும் பேச்சு என்று தோன்றும். ஆனால் 2005-ஐ வைத்துப் பார்த்தால் அந்நகரத்தின் உமிழ்வு ஏறத்தாழ முக்கால்பங்கு குறைந்திருக்கிறது. மலை ஏறியவர்கள் கடைசிப் படியில்தான் இடறினார்கள்.

அந்தப் படியின் பெயர் அமாகர் பக்கே. குப்பையை எரித்து மின்சாரமும் வெந்நீரும் எடுக்கும் 85 மீட்டர் உயர ஆலை. கூரைமேல் பனிச்சறுக்குச் சரிவு வைத்திருப்பதால் படங்களில் பார்த்திருப்பீர்கள். குப்பையில் பிளாஸ்டிக் கிடக்கிறது. பிளாஸ்டிக் பெட்ரோலியத்திலிருந்து வந்த பொருள். எரித்தால் கரியமில வாயு வரத்தான் செய்யும். ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் டன் வாயுவைப் புகைபோக்கியிலேயே பிடித்து மண்ணுக்கடியில் அனுப்பிவிடலாம் என்பது திட்டம். அதற்கான அரசு நிதியைப் பெற ஆலை நிறுவனத்துக்கு மூலதனத் தகுதி போதவில்லை. நிதி இல்லை, வாயு பிடிக்கும் கருவி இல்லை, 2025-உம் இல்லை.

தோல்வியைவிட எனக்குச் சுவையாகப் படுவது அவர்கள் கணக்கு எழுதிய விதம். அந்நகரத்தில் ஏறக்குறைய 98 சதவீத வீடுகள் ஒரே வெந்நீர்க் குழாய் வலையில் இணைந்திருக்கின்றன. முன்பு நிலக்கரி எரித்துச் சூடாக்கிய நீரை இப்போது பெருமளவு மரச்சில்லு எரித்துச் சூடாக்குகிறார்கள். மரம் மீண்டும் வளரும் என்பதால் அந்தப் புகை கணக்கில் பூஜ்யம். கோபன்ஹேகன்வாசி விமானம் ஏறிப் போனால் அது அந்தத் திட்டத்தின் கணக்கில் இல்லை. வேறு நாட்டில் செய்த தொலைபேசியை வாங்கினால் அதுவும் இல்லை. ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். உலகமெங்கும் நகரங்கள் ஏறத்தாழ இப்படித்தான் எழுதுகின்றன. ஆனால் ‘பூஜ்யம்’ என்று யார் சொன்னாலும் கோடு எங்கே கிழித்திருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். கட்டடத்துக்கும் இதே கேள்விதான்; கீழே மறுபடி வருகிறேன்.

இப்போது நம் ஊர்.

கோபன்ஹேகனின் பாடத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. குளிர்காலத்தில் அங்கே வெளியே பூஜ்யம் டிகிரி, உள்ளே 21. நடுவில் 21 டிகிரி இடைவெளி. அதைத் தாங்கத் தடித்த காப்புப் பஞ்சு, இரண்டு மூன்று அடுக்குக் கண்ணாடி, காற்றுப் புகாத கதவு எல்லாம் வேண்டும். சிங்கப்பூரில் மதியம் வெளியே 31, உள்ளே 24, ஏழு டிகிரிதான். சுவர் வழியே கடந்து வரும் வெப்பம் இங்கே இரண்டாம்பட்சம். நம் எதிரிகள் வெயிலும் ஈரமும்.

வெயிலுக்கு ஓர் எண் இருக்கிறது. 1979 முதலே சிங்கப்பூர் கட்டடத்தின் வெளித்தோல் வழியே இவ்வளவு வெப்பம்தான் வரலாம் என்று சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது. இப்போதைய வடிவத்தை எங்கள் தொழிலில் இடிடிவி என்போம். ஏசி போட்ட கட்டடத்தின் வெளிச்சுவரில் ஒரு சதுர மீட்டர் வழியே சராசரியாக எத்தனை வாட் வெப்பம் நுழைகிறது என்பதே அது. நீண்டகாலமாக அடிப்படை வரம்பு 50 வாட். மூன்று கூறுகளைக் கூட்டிக் கண்டுபிடிக்க வேண்டும். சுவரைக் கடந்து வரும் வெப்பத்துக்குப் பெருக்கெண் 12. கண்ணாடியைக் கடந்து வரும் வெப்பத்துக்கு 3.4. கண்ணாடிக்குள் நேராகப் பாயும் வெயிலுக்கு 211.

வேலைக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் இந்த மூன்று எண்களையும் எழுதிக் காட்டிக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வேன். ஊரின் தட்பவெப்பம் முழுக்க அதற்குள் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சுவரில் 60 சதவீதம் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி விடும் வெயில்வெப்பத்தில் பாதியை மட்டுமே விடும் நல்ல கண்ணாடி. 211-ஐ 0.6-ஆலும் 0.5-ஆலும் பெருக்கினால் 63. வெயில் ஒன்றே வரம்பைத் தாண்டிவிட்டது. சுவரை இன்னும் தொடவேயில்லை. கண்ணாடியை 30 சதவீதமாகக் குறையுங்கள், 32-க்கு வந்துவிடும். அதற்குப் பதிலாக, வெயில் தடுக்கும் பூச்சு எதுவும் இல்லாமல், வெறுமனே ஒற்றைக் கண்ணாடியை இரட்டைக் கண்ணாடியாக மாற்றினால் எவ்வளவு மிச்சம்? ஆறு வாட்கூட இல்லை. விற்பனைப் பிரதிநிதி ‘ஐரோப்பியத் தரம், இரட்டைக் கண்ணாடி’ என்று பெருமையாகச் சொல்லும்போது எனக்கு இந்த ஆறு வாட் நினைவுக்கு வரும். பூச்சு என்ன என்று கேளுங்கள். அதுதான் இங்கே வேலை செய்யும்.

திசையும் அப்படியே. பூமத்தியரேகையை ஒட்டிய ஊர் இது. உச்சிவெயில் கூரைமேல் விழும். காலை வெயிலும் மாலை வெயிலும் தாழ வந்து சன்னலில் விழும். வடக்கு முகச் சன்னலைவிட மேற்கு முகச் சன்னலில் வரும் வெயிலை இந்தக் கணக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்காக எடுத்துக்கொள்கிறது. ஆக, கட்டடத்தின் நீளப்பக்கம் எந்தத் திசையைப் பார்க்கிறது, எவ்வளவு கண்ணாடி, சன்னலுக்கு வெளியே சன்ஷேட் உண்டா என்ற மூன்றையும் வரைபடத்தின் முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். என்னைப் போன்றவர்களைக் கூப்பிடுவது ஆறு மாதம் கழித்து. சிராங்கூன் சாலையின் பழைய கடைவீடுகளைப் பாருங்கள். ஒட்டி ஒட்டிக் கட்டியதால் பக்கச்சுவருக்கு வெயிலே இல்லை. முன்னால் ‘ஐந்தடிப் பாதை’ என்ற கூரையிட்ட நடைபாதை நிழல் தருகிறது. சன்னலுக்குச் சிறகுப் பலகைக் கதவு. அவற்றைக் கட்டிய மேஸ்திரிக்கு இடிடிவி தெரியாது.

ஈரம் இன்னும் வம்பு. உங்கள் அலுவலகத்தில் யாராவது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களா? பார்த்திருப்பீர்கள். வெளியே 31 டிகிரி, உள்ளே கம்பளி. வெப்பநிலைமானியை யாரோ தவறாக வைத்துவிட்டார்கள் என்று நினைப்போம். பெரும்பாலும் காரணம் வேறு. பனிக்கட்டி போட்ட டம்ளரின் வெளிப்புறம் முத்து முத்தாக நீர் கோக்கிறதல்லவா, காற்றிலிருந்து ஈரத்தை எடுக்க ஏசியும் அதையேதான் செய்கிறது. காற்றை 12, 13 டிகிரிக்குக் குளிர்வித்தால்தான் நீர் பிரியும். அதற்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம் 6, 7 டிகிரியில் நீர் அனுப்ப வேண்டும். ஈரம் போய்விடும், ஆனால் வந்து சேரும் காற்று தேவைக்கு மேல் குளிராக இருக்கும். சில கட்டடங்களில் அந்தக் குளிர்காற்றை மறுபடி சூடாக்கி அறைக்குள் விடுவதையும் பார்த்திருக்கிறேன். காசு கொடுத்துக் குளிர்வித்து, காசு கொடுத்துச் சூடாக்குவது.

இதற்கு இங்கேயே ஒரு நல்ல விடை கட்டியிருக்கிறார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2019 ஜனவரியில் திறந்த எஸ்டிஇ4 கட்டடம். ஆறு தளம், சுமார் 8,500 சதுர மீட்டர். புதிதாகவே நிகர பூஜ்ய ஆற்றலுக்காகக் கட்டிய, இவ்வூரின் முதல் கட்டடம். அதில் செய்த தந்திரம் எளிமையானது: வெளிக்காற்றின் ஈரத்தை ஓரளவு எடுத்து, மிதமாகக் குளிர்வித்து உள்ளே விடுகிறார்கள், மீதியை மின்விசிறி பார்த்துக்கொள்கிறது. அலுவலகங்களுக்குப் பழகிப்போன 23, 24 டிகிரிக்குப் பதிலாக 27-ஐ ஒட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்த முதல் நிமிடம் ‘ஏசி வேலை செய்யவில்லையோ’ என்று தோன்றும். உட்கார்ந்து பத்து நிமிடம் ஆனால் மறந்துவிடும். உடம்புக்கு வேண்டியது தோல்மேல் நகரும் காற்று. தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்பது உடம்புக்குத் தெரியாது. நடைபாதை, படிக்கட்டு, கூடும் இடங்கள் எல்லாவற்றையும் காற்றுக்குத் திறந்தே விட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் இயூ பதவிக்கு வந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று அரசு அலுவலகங்களுக்கு ஏசி போட்டது, அவரே சொல்லியிருக்கிறார். அந்த நாட்டில் கூரையில் மின்விசிறி தொங்கவிட்ட கட்டடம் பரிசு வாங்குகிறது. நம் பாட்டி வீட்டு மின்விசிறிக்குக் கிடைத்த மரியாதை என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

சரி, மிச்சம் பிடித்தாயிற்று. பூஜ்யம் எப்படி வருகிறது? கூரைமேல் 1,200-க்கும் மேற்பட்ட சூரியத் தகடுகள். பகலில் உபரி இருந்தால் மின்கட்டமைப்புக்குக் கொடுப்பார்கள், இரவில் வாங்கிக்கொள்வார்கள். ஆண்டு முடிவில் கொடுத்ததும் வாங்கியதும் சமம் என்றால் பூஜ்யம்.

இங்கேதான் உங்கள் சந்தேகத்துக்கு உரிய இடம் வருகிறது, ஏனென்றால் இந்தக் கணக்கு உயரமான கட்டடத்தில் நிற்காது. சிங்கப்பூர் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 யூனிட் தரும். அதற்கு ஐந்து சதுர மீட்டர் இடம் வேண்டும். கூரையில் தண்ணீர்த் தொட்டி, குளிர்கோபுரம், பராமரிப்புக்கு நடக்கும் வழி எல்லாம் போக மிஞ்சிய இடத்தில்தான் தகடு. தோராயமாகக் கூரையின் சதுர மீட்டருக்கு 150 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான ஏசி அலுவலகம் சதுர மீட்டருக்கு 200 யூனிட் சாப்பிடும். கூரை ஒரு தளத்துக்கே போதாது. சிக்கனத்தில் கெட்டிக்காரத்தனம் காட்டி 60 யூனிட்டுக்கு இறக்கினாலும் இரண்டரைத் தளம்தான். எஸ்டிஇ4 ஆறு தளத்தில் சமாளிப்பதற்குக் காரணம், அதன் கூரை சுவரைத் தாண்டி வெகுதூரம் நீண்டிருப்பது. நிழலுக்கு நிழல், தகடு வைக்கவும் இடம். நாற்பது மாடிக் கோபுரம் தன் கூரையை வைத்துக்கொண்டு பூஜ்யம் காட்ட முடியாது. காட்டினால், வேறெங்கோ உற்பத்தியான பசுமை மின்சாரத்துக்கான சான்றிதழை வெளியிலிருந்து வாங்கி ஈடுகட்டியிருக்கிறார்கள் என்று பொருள். தவறில்லை, ஆனால் அதைக் கட்டடத்தின் திறமையாக எழுதக் கூடாது.

ஆகவே உயர்ந்த ஊரில் கேள்வி கூரையிலிருந்து மின்நிலையத்துக்குப் போய்விடுகிறது. சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 சதவீதம் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. காற்றாலைக்குக் காற்று இல்லை, அணைக்கு ஆறு இல்லை, தகடு விரிக்க நிலம் இல்லை. 2022 முதல் லாவோஸின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக இங்கே வரத் தொடங்கியது. ஆரம்ப அளவு 100 மெகாவாட் வரை. இன்னும் பல மடங்கு இறக்குமதி செய்யத் திட்டம் இருக்கிறது. ஆனால் வாங்கும் ஒவ்வொரு யூனிட்டும் அண்டை நாட்டோடு பேசிப் பெற வேண்டியது. கட்டடத்தில் சிக்கனத்தை இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம். இங்கே மிச்சப்படுத்துவது எளிது, உற்பத்தி செய்வது கடினம். அதனால்தான் 2005-இல் கட்டடங்களுக்குப் ‘பசுமை முத்திரை’ என்ற சான்றிதழைத் தொடங்கி, 2008-இல் 2,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களுக்குக் குறைந்தபட்ச விதிகளைக் கட்டாயமாக்கி, இப்போது 2030 முதல் புதுக் கட்டடங்களில் 80 சதவீதம் ‘மிகக் குறைந்த ஆற்றல்’ வகையாக இருக்க வேண்டும் என்று வந்து நிற்கிறார்கள்.

கோபன்ஹேகன் வெந்நீரைக் குழாயில் அனுப்புவதுபோல் இங்கே மரினா பேயில் தண்ணீரைக் குளிர்வித்துக் குழாயில் அனுப்புகிறார்கள். தரைக்கடியில் பெரிய சில்லர் நிலையங்கள். மேலே உள்ள கோபுரங்கள் தனித்தனி இயந்திரம் வைக்காமல் அங்கிருந்து குளிர்நீர் வாங்கிக்கொள்கின்றன. இயந்திரம் பெரிதாக இருந்து முழு வேகத்தில் ஓடினால் யூனிட்டுக்குக் கிடைக்கும் குளிர் அதிகம். இதே யோசனையைத் தெங்கா அடுக்குமாடி வீடுகளுக்கும் கொண்டுவந்தபோது குழாய் உறைகளில் நீர் வடிகிறது என்று குடியிருப்பாளர்கள் புகார் சொன்ன செய்தி வந்தது. மறுபடியும் அந்த டம்ளர்தான். இந்த ஊரில் குளிர்ந்த பொருள் எதையும் சரியாகப் போர்த்தாமல் விட்டால் அது வியர்க்கும்.

இதுவரை பேசியதெல்லாம் விளக்குப் போட்ட பிறகு வரும் மின்கட்டணத்தைப் பற்றி. குடிபோகும் முன்பே கட்டடம் பட்ட கடன் ஒன்று இருக்கிறது. சிமென்ட் செய்யச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள்ளேயே பூட்டியிருந்த கரியமில வாயு வெளியேறுகிறது. சுட்டு வரும் கட்டிதான் கிளிங்கர், அதை அரைத்தால் சிமென்ட். ஒரு டன் கிளிங்கருக்கு அரை டன்னுக்கு மேல் வாயு. சூளையைச் சூரிய மின்சாரத்தில் சூடாக்கினாலும் இது நிற்காது, ஏனென்றால் இது எரிபொருளின் புகை அல்ல, கல்லின் மூச்சு. உலக உமிழ்வில் சிமென்டின் பங்கு ஏறத்தாழ 7, 8 சதவீதம் என்பது பெருமளவு இதனால்தான். கிளிங்கரைப் பாதியாகக் குறைத்து, சுட்ட களிமண்ணும் அரைத்த சுண்ணாம்புக்கல்லும் சேர்க்கும் எல்சி3 என்ற சிமென்ட் வகை இருக்கிறது. சென்னை ஐஐடியும் அதன் ஆராய்ச்சியில் முக்கியப் பங்காளி. உமிழ்வு 30, 40 சதவீதம் குறைகிறது. ஒப்பந்ததாரர்கள் ‘பழக்கமில்லாத சரக்கு’ என்று தயங்குகிறார்கள்; அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது, தூண் விரிசல் விட்டால் மாட்டுவது அவர்கள்தான்.

இந்தக் கடனை டென்மார்க் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. 2023 முதல் புதுக் கட்டடம் எதுவானாலும் பொருள்களின் உமிழ்வையும் சேர்த்து ஆயுட்கணக்குக் காட்ட வேண்டும். 1,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 12 கிலோ கரியமில வாயு என்பது உச்சவரம்பாக இருந்தது. 2025-இல் வரம்பை இன்னும் இறுக்கினார்கள். தலைநகரம் 2025 இலக்கைத் தவறவிட்ட நாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த விதி. கட்டடத்தின் ஆயுளை 50 ஆண்டு என்று வைத்து அந்தக் கடனை வகுக்கிறார்கள்.

ஐம்பது ஆண்டு. சிங்கப்பூரின் ஆக்சா கோபுரத்தை நினைத்துக்கொள்கிறேன். 1986-இல் முடிந்தது, ஐம்பதுக்கு மேற்பட்ட மாடிகள். 2022-இல் இடிக்கத் தொடங்கினார்கள், அதைவிட உயரமாகக் கட்டுவதற்காக. நாற்பது ஆண்டுகூட நிற்கவில்லை. அந்த இடத்தில் எழும் புதுக் கோபுரம் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும், இடித்துப் போட்ட கான்கிரீட்டையும் கம்பியையும் அதன் கணக்குப் புத்தகத்தில் யாரும் எழுதப்போவதில்லை. நான் முதலில் சொன்ன கோடு இதுதான். என் தொழிலுக்கு விரோதமான கருத்து என்றாலும் சொல்கிறேன்: பல சமயம், புதுப் பசுமைக் கட்டடத்தைவிடப் பழைய கட்டடத்தின் சில்லரை மாற்றி, சன்னலுக்கு நிழல் கட்டுவதே குறைந்த உமிழ்வு.

மரத்தில் கட்டலாமே என்பார்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் காயா கட்டடம் 2023-இல் திறந்தது. 43,500 சதுர மீட்டர், பெரும்பகுதி மரம், திறந்தபோது ஆசியாவிலேயே பெரிய மரக் கட்டடம். அழகான கட்டடம், சந்தேகமில்லை. சில இடங்களில் பூஞ்சை பிடித்ததாகப் பிறகு செய்தி வந்தது. ஈரம் இந்த ஊரில் யாரையும் விடாது.

இனி உங்கள் அலுவலக வேட்டை. சான்றிதழை ஒதுக்கிவிட வேண்டாம். ஆனால் அது பெரும்பாலும் வரைபடத்தின்மேல் போட்ட மதிப்பெண். கடந்த இரண்டு ஆண்டுகளின் மின்பயன்பாட்டைச் சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் என்று வகுத்துத் தரச் சொல்லுங்கள். கட்டட, கட்டுமான ஆணையம் கட்டடங்களின் ஆற்றல் தரவுகளை வெளியிடுகிறது. அதே வகைக் கட்டடங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எண் தரத் தயங்கும் உரிமையாளரிடம் இன்னொரு முறை கேளுங்கள். ஏசியை மாலை ஏழு மணிக்கு மேல் உங்கள் தளத்துக்கு மட்டும் போட முடியுமா, அல்லது மூன்று பேர் வேலை பார்க்க மொத்த மாடியும் குளிர வேண்டுமா என்றும் கேட்டு வையுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் வெப்பநிலை 23 என்று எழுதியிருந்தால் 25 ஆக்க முடியுமா என்று பேசிப் பாருங்கள். மின்விசிறிக்குக் கூரையில் கொக்கி இருக்கிறதா என்றும் அண்ணாந்து பாருங்கள்.

இடத்தைப் பார்க்கக் காலை பதினொரு மணிக்குத்தான் முகவர் அழைப்பார், அப்போதுதான் எல்லாம் பளிச்சென்று இருக்கும். நீங்கள் மாலை நான்கு மணிக்குப் போங்கள். மேற்குப் பக்கம் ஏறி நில்லுங்கள். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி போட்ட அந்த அறையில் திரைகளை முழுக்க இறக்கிவிட்டு, உள்ளே எல்லா விளக்குகளையும் எரியவிட்டிருந்தால், அடுத்த இடத்தின் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.